இறக்கத்தின் கணக்கு

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் பக்கம் இறங்கும் சாலையில் சைக்கிள்காரருக்குப் பெடலில் வேலை இல்லை. எல்லா வேலையும் பிரேக்கில்தான். ஏறும்போது மூச்சு வாங்க வைத்த அதே சரிவு, இறங்கும்போது வண்டியைத் தானே இழுத்துக்கொண்டு போகும். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் தாழும் ஒரு சரிவை எடுத்துக்கொள்வோம். இந்த மலையில் இதைவிடச் செங்குத்தான இடங்களும் உண்டு. ஆளும் வண்டியும் சேர்ந்து எழுபத்தைந்து கிலோ. நிமிர்ந்து உட்கார்ந்தபடி பிரேக்கைத் தொடாமல் விட்டால், காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் புவியீர்ப்போடு சமனாகும் இடத்தில் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரை ஒட்டி நிலைகொள்ளும். ஒரு மிதிகூட மிதிக்காமல்.

அந்த வேகத்தில் எதிரே மாடு நிற்பதைப் பார்த்துக் கை பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகிறது என்றால், அந்த நொடியிலேயே வண்டி 11 மீட்டர் போய்விடும். பிரேக் கட்டை நல்ல நிலையில் இருந்து, தார்ச்சாலை காய்ந்திருந்தாலும் முழுதாக நிற்க இன்னும் 25 மீட்டர் வேண்டும். கொண்டை ஊசி வளைவில் கண்ணுக்கு எட்டும் தூரமே பல நேரம் அவ்வளவு இருக்காது. பத்து மீட்டர் ஆரம் உள்ள வளைவில் சறுக்காமல் திரும்ப மணிக்கு 20 கி.மீ. வேகம்தான் சரி. அதாவது, வளைவு வருவதற்கு முன்பே பாதி வேகத்தை விரல்களால் அடக்கிவிட வேண்டும்.

இந்த மலையில் இரண்டு வகைச் சைக்கிள்கள் ஓடுகின்றன. வார இறுதியில் சமவெளி நகரங்களிலிருந்து வருபவை ஒரு வகை: கியர், டிஸ்க் பிரேக், ஓட்டுபவர் தலையில் கால் கிலோ எடையுள்ள கவசம். மற்றது பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்தது. பட்டியல் இன, பழங்குடியின மாணவியருக்காக 2001-02-இல் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் 11-ஆம் வகுப்பு படிக்கும் எல்லாருக்கும் விரிந்தது. கேரியர், மணி, பூட்டு எல்லாம் அதில் உண்டு. தலைக்கவசம் மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே இப்படி வெறுந்தலையோடு மிதித்துத்தான் மேல்நிலைப் படிப்பை முடித்தது. அது தவறா?

பதில் சொல்வதற்கு முன் அந்தக் கவசம் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். சைக்கிள் கவசத்தின் உள்ளே இருப்பது டிவி பெட்டிக்குள் அடைத்து வரும் தெர்மாகோல்தான். சற்று அடர்த்தி கூடியது, அவ்வளவே. அதன் பருமனில் பெரும்பகுதி காற்று. வெளியே மெல்லிய பிளாஸ்டிக் ஓடு. இத்தனை சாதாரணப் பொருள் மண்டையைக் காப்பது கடினத்தால் அல்ல. நசுங்குவதால்.

ஐரோப்பியத் தரச் சோதனையில், கவசம் மாட்டிய போலித் தலையை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து இரும்புப் பீடத்தின் மேல் விழவிடுகிறார்கள். பீடத்தைத் தொடும்போது வேகம் மணிக்கு 19.5 கி.மீ. வெறுந்தலை அதே வேகத்தில் கெட்டித் தரையில் மோதினால், தோலும் எலும்பும் விட்டுக்கொடுக்கும் சில மில்லிமீட்டருக்குள் அது நின்றாக வேண்டும். மூன்று மில்லிமீட்டர் என்று வைத்தால் மூளை உணரும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 500 மடங்கு. நடுவில் இருக்கும் தெர்மாகோல் இரண்டு சென்டிமீட்டர் நசுங்கிக் கொடுத்தால் அது 75 மடங்காகக் குறைந்துவிடும். நிற்கும் தூரம் கூடினால் அடி குறையும். கவசத்தின் இயற்பியல் முழுவதும் இந்த ஒரு வரிதான். நசுங்கிய நுரை மீண்டும் எழும்பாது. அதனால் ஒரு பலத்த அடி வாங்கிய கவசத்தின் ஆயுள் அத்தோடு முடிந்தது. வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

இங்கே பலர் ஒரு கணக்கைத் தவறாகப் போடுகிறார்கள். ‘சோதனையே 20 கி.மீ. வேகத்துக்குத்தான், நானோ 40-இல் இறங்குகிறேன், பிறகு இதனால் என்ன பயன்?’ என்பார்கள். சோதனையில் வரும் வேகம் வண்டியின் வேகம் அல்ல. தலை தரையை நோக்கி விழும் வேகம். சைக்கிளில் உட்கார்ந்தவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மணலில் சறுக்கி அவர் பக்கவாட்டில் சாய்ந்தால், வண்டி 10-இல் போனாலும் 40-இல் போனாலும் தலை தரையைத் தொடும் செங்குத்து வேகம் கிட்டத்தட்ட அதேதான். மீதி வேகம் சாலையோடு தேய்ந்து தீரும்; தோல் உரியும், சில சமயம் காறை எலும்பு முறியும். அந்த விழுகையைத் தாங்கத்தான் கவசம் வடிவமைக்கப்பட்டது.

தேய்ந்து போக வழியில்லாமல் எதிரே ஏதாவது இருந்தால் கதை மாறிவிடும். சாலையோரக் கற்கள், பாலத்தின் குட்டைச் சுவர், எதிரே ஏறிவரும் லாரியின் முகப்பு என்று மலைச்சாலையில் அவற்றுக்குப் பஞ்சம் இல்லை. அங்கே முன்னோக்கிய வேகம் முழுவதும் கணக்கில் வந்துவிடும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. இரண்டு சென்டிமீட்டர் நுரை சீக்கிரமே நசுங்கித் தீர்ந்துவிடும். மிஞ்சியதைத் தலைதான் வாங்க வேண்டும்.

மலை இறக்கத்தில் கல் என்ன செய்யும் என்பதை உலகம் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறது. 1995 ஜூலை 18 அன்று டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், பிரனீஸ் மலையின் போர்த்தே தாஸ்பே கணவாயிலிருந்து வீரர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இத்தாலியர் ஃபாபியோ கசார்தெல்லி விழுந்தார்; தலை சாலையோரக் கான்கிரீட் கட்டையில் மோதியது. கவசம் இல்லை. வயது 24. கவசம் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்ற வாதம் வெகுகாலம் நடந்தது. அடி விழுந்தது கவசம் மூடும் இடத்தில்தானா என்பதே அதன் மையம். அதற்குப் பிறகும் சர்வதேச சைக்கிள் பந்தயச் சங்கம் கவசத்தைக் கட்டாயமாக்கவில்லை. வீரர்கள் வெயிலைக் காட்டி எதிர்த்தார்கள். 2003 மார்ச்சில் பாரீஸ்–நீஸ் பந்தயத்தில் கசகஸ்தானின் அந்த்ரேய் கிவிலெவ் விழுந்து தலைக்காயத்தால் இறந்த பிறகே விதி வந்தது.

அந்த விதியில் முதலில் ஒரு விலக்கு இருந்தது, அதை ஜவ்வாது மலைக்காரர்கள் கேட்டால் புன்னகைப்பார்கள்: பந்தயத்தின் கடைசிப் பகுதி நீண்ட ஏற்றமாக இருந்தால் அங்கே கவசத்தைக் கழற்றிக்கொள்ளலாம். ஏற்றத்தில் வேகம் குறைவு, வியர்வை அதிகம். பிறகு அந்த விலக்கும் போய்விட்டது. பந்தயத்துக்கு எப்படியோ, தினசரி வாழ்க்கைக்கு அதில் நியாயம் இருந்தது என்றுதான் தோன்றுகிறது. ஒரே சாலையின் ஏறும் பக்கமும் இறங்கும் பக்கமும் ஆபத்தில் ஒன்றல்ல.

கவசத்தால் எல்லாம் ஆகிவிடாது என்பதற்கும் சாட்சி உண்டு. 2023 ஜூனில் சுவிட்சர்லாந்தின் ஆல்புலா கணவாயிலிருந்து அதிவேகமாக இறங்கியபோது பள்ளத்தில் விழுந்த பந்தய வீரர் ஜீனோ மேடர் கவசம் அணிந்திருந்தார். மறுநாள் இறந்தார்.

தனி மனிதர்களின் கதைகள் இரண்டு பக்கமும் இழுக்கும். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்ப்பது நல்லது. 1989-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு, கவசம் தலைக்காயத்தை 85 விழுக்காடு குறைக்கிறது என்று சொல்லிப் பெரும் புகழ் பெற்றது. அந்த எண் சற்று அதிகம் என்று பின்னால் தெரியவந்தது. கவசம் போடுகிறவர்கள் பொதுவாகவே நிதானமாக ஓட்டுகிறவர்களாக இருந்துவிட்டால், நிதானத்தின் பலனும் கவசத்தின் கணக்கில் சேர்ந்துவிடும் அல்லவா? ஆஸ்திரேலியாவின் ஜேக் ஒலிவியரும் புருடென்ஸ் கிரைட்டனும் 64,000-க்கும் மேற்பட்ட காயமுற்ற சைக்கிள்காரர்களின் தரவுகளைத் திரட்டி வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, விழுந்தவர்களில் கவசம் அணிந்தவருக்குத் தலைக்காயம் ஏறத்தாழ பாதியாகவும், கடுமையான தலைக்காயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகவும் குறைந்திருந்தது. விழுந்த பிறகு கவசம் உதவுகிறது என்பதில் இனி பெரிய சண்டைக்கு இடமில்லை.

சண்டை விழுவதற்கு முந்தைய நேரத்தைப் பற்றியது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக உளவியலாளர் இயன் வாக்கர், சைக்கிளில் தூரம் அளக்கும் கருவியைப் பொருத்திக்கொண்டு சாலையில் இறங்கினார். சில நாள் கவசத்தோடு, சில நாள் இல்லாமல். அவரை முந்திச் சென்ற 2,300-க்கும் மேற்பட்ட வாகனங்களை அளந்ததில், கவசம் இருந்தபோது ஓட்டுநர்கள் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருங்கி வந்தார்கள். ஆய்வின்போது ஒரு பஸ்ஸும் ஒரு லாரியும் அவரை இடித்தன. இரண்டு முறையும் தலையில் கவசம் இருந்தது. அதே தரவை மறுபடி அலசிய வேறு ஆய்வாளர்கள், பாதுகாப்பைப் பாதிக்கும் அளவுக்கு இது பெரிய வேறுபாடு இல்லை என்றார்கள். அவர்கள் சொன்னதே ஏற்கத்தக்கது. எட்டரை சென்டிமீட்டருக்காக யாரும் கவசத்தைக் கழற்ற வேண்டாம்.

வாக்கரின் அளவுகளைவிட யோசிக்க வைப்பது ஆஸ்திரேலியாவில் நடந்தது. 1990 ஜூலை 1 முதல் விக்டோரியா மாநிலம் எல்லா சைக்கிள்காரர்களுக்கும் கவசத்தைக் கட்டாயமாக்கியது. உலகில் அதுவே முதல் முறை. தலைக்காயங்கள் குறைந்தன. மெல்போர்னில் எடுத்த கணக்கெடுப்புகளில் சைக்கிள்களும் குறைந்தன, பதின்ம வயதினரிடம் அந்தச் சரிவு அதிகம். சாலையில் சைக்கிள் குறைந்தால் மிச்சமிருப்பவர்களுக்கு ஆபத்து கூடும் என்று அமெரிக்கரான பீட்டர் ஜேக்கப்சன் 2003-இல் பல நாட்டுத் தரவுகளை வைத்துக் காட்டினார். அவர் கணக்குப்படி, சைக்கிள் ஓட்டுவோர் இரண்டு மடங்கானால் ஒவ்வொருவருக்கும் உள்ள ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. சைக்கிளைப் பார்த்துப் பழகிய ஓட்டுநரின் கண் அதைத் தவறவிடுவதில்லை. நெதர்லாந்தில் கவசம் போடுகிறவர்களைத் தேட வேண்டும். ஆனாலும் சைக்கிள் பாதுகாப்பில் அந்த நாடு முன்வரிசையில் நிற்கிறது.

இனி கார்.

2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் இருசக்கர மோட்டார் வாகனங்களில் போனவர்கள் ஏறக்குறைய 75,000 பேர். நடந்து போனவர்கள் சுமார் 33,000. கார் போன்ற இலகு வாகனங்களில் இருந்தவர்கள் சுமார் 21,000. சைக்கிள்காரர்கள் 4,800-ஐ ஒட்டி. இந்தப் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தால் சைக்கிள்தான் பாதுகாப்பானது என்று தோன்றும். அப்படி முடிவு கட்ட முடியாது. அறிக்கை செத்தவர்களைத்தான் எண்ணுகிறது. யார் எத்தனை கிலோமீட்டர் போனார்கள் என்பது அதில் இல்லை.

எதை வைத்து வகுப்பது என்பதிலேயே பாதி விவாதம் அடங்கியிருக்கிறது. கார் மணிக்கு 60, சைக்கிள் 15 என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்கு சைக்கிள் நான்கு மடங்கு ஆபத்து என்று ஓர் ஊரில் கணக்கு வந்தால், ஒரு மணி நேரத்துக்கு இரண்டும் சமம் என்றும் அதையே சொல்லலாம். கிலோமீட்டர் கணக்கு காருக்குச் சாதகம், மணிக்கணக்கு சைக்கிளுக்குச் சாதகம். ஜமுனாமரத்தூர்ச் சந்தைக்குப் போகிறவருக்குத் தூரம் மாறப்போவதில்லை, ஆகவே கிலோமீட்டர் பொருந்தும். காற்று வாங்க மிதிக்கிறவருக்கு மணிக்கணக்கு.

இரண்டு வகுத்தலிலும் விட்டுப்போகும் ஒன்று உண்டு: ஆபத்தைச் சுமப்பவர் யார், கொண்டுவருபவர் யார் என்பது. ஆளோடு சேர்த்து 75 கிலோ உள்ள சைக்கிளும் ஒன்றரை டன் காரும் மோதினால் யார் மருத்துவமனைக்குப் போவார் என்பதில் ஐயம் இல்லை. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் சேர்ந்து 37,000-க்கும் மேல் இறந்தார்களே, அவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதி இறக்கவில்லை. டெல்லி ஐ.ஐ.டி.யில் பல பத்தாண்டுகள் சாலைப் பாதுகாப்பை ஆராய்ந்த, 2021-இல் மறைந்த தினேஷ் மோகன், மோட்டார் வாகன வேகத்தைச் சாலையின் அமைப்பாலேயே கட்டுப்படுத்த வேண்டும் என்று தொடர்ந்து வாதாடியவர். கவசத்துக்கு அவர் எதிரி அல்லர். கவசத்தோடு பேச்சை முடித்துக்கொள்வதற்குத்தான் எதிரி.

காரில் போகிறவருக்கும் தலைக்காயம் வரத்தான் செய்கிறது. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவின் பால்கர் அருகே பாலத்தின் தடுப்பில் மோதிய விலையுயர்ந்த காரின் பின்னிருக்கையில் சீட் பெல்ட் இல்லாமல் இருந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். அந்த ஆண்டு பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர். காருக்குள் இருப்பவர் தலையில் கவசம் போட்டால் என்ன என்று எவரும் கேட்பதில்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1990-களில் ஆய்வாளர்கள் உண்மையிலேயே கேட்டுப் பார்த்தார்கள். கார் பயணிகள் அணியும் மெத்தைத் தலைப்பட்டை ஒன்றையும் ஆராய்ந்தார்கள். கணக்குப்படி அதில் பலன் இருந்தது. அது வழக்கத்துக்கு வரவில்லை. காரில் கவசம் போட்டு உட்கார்ந்தால் ஊர் சிரிக்கும். சைக்கிளில் போடாவிட்டால் ‘பொறுப்பில்லாதவர்’ என்னும். இரண்டு தீர்ப்பிலும் இயற்பியலைவிடப் பழக்கம்தான் அதிகம் பேசுகிறது.

ஜவ்வாது மலையில் இன்னொரு தரப்பும் இருக்கிறது. போதிய பஸ் இல்லாத சிற்றூர்களிலிருந்து கோயிலுக்கும் கூலி வேலைக்கும் சந்தைக்கும் மக்கள் வேனிலும் சரக்கு வண்டியிலும் நெருக்கியடித்துப் போகிறார்கள். 2022 ஏப்ரல் தொடக்கத்தில், திருப்பத்தூர் மாவட்டப் பகுதியில் புதூர்நாடு பக்கம் சேம்பரை மலைக்கோயிலுக்குப் பக்தர்களை ஏற்றிச் சென்ற வேன் பள்ளத்தில் கவிழ்ந்து, பெண்களும் சிறுமிகளும் உட்படப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒரே வண்டியில், ஒரே பகலில். அங்கே பெல்ட்டும் இல்லை, இருக்கையும் எல்லாருக்கும் இல்லை. இந்த மலையில் சாலைப் பாதுகாப்புக்கென்று ஒரு ரூபாய்தான் இருக்கிறது என்றால், அதை முதலில் பஸ்ஸுக்குச் செலவிடுவதே சரி. சைக்கிள் கவசத்துக்கான முறை அதற்குப் பிறகுதான் வரும்.

மோட்டார் சைக்கிள் வேறு விஷயம், அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கவச அறிவியல் தொடங்கியதே அங்கேதான். 1935 மே மாதம் இங்கிலாந்தில், சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள் மேல் மோதாமல் ஒதுங்கப் போய்த் தன் பைக்கிலிருந்து தூக்கியெறியப்பட்டார் ‘அரேபியாவின் லாரன்ஸ்’ எனப் புகழ்பெற்ற டி.இ. லாரன்ஸ். சில நாளில் இறந்தார். அவரைப் பார்க்க அழைக்கப்பட்ட நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கேர்ன்ஸ், போர்க்காலத்தில் ராணுவத்தின் பைக் ஓட்டுநர்களுடைய தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-இல் கட்டுரை எழுதினார். ராணுவம் கவசத்தைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு அதையே சொல்கிறது. தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் கெடுபிடி வந்தபோது கடைகளில் கவசத்துக்குத் தட்டுப்பாடே வந்தது. இருந்தும் 2022-இல் நாடு முழுவதும் கவசம் அணியாமல் இறந்த இருசக்கர வாகனக்காரர்கள் 50,029 பேர். 60 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு 20-இல் போகிறவரைவிட ஒன்பது மடங்கு ஆற்றல். அங்கே கட்டாயம் தேவைதான்.

சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல என்பதால் அந்தப் பிரிவு அதைத் தொடுவதில்லை. தொடாமலே இருக்கட்டும். சைக்கிள் தரும் உடல்நலம் என்று ஒரு வரவும் உண்டு. 2010-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், குறுகிய தூரங்களுக்குக் காரை விட்டுச் சைக்கிளுக்கு மாறுகிறவரின் ஆயுளைக் கணக்கிட்டார்கள். உடற்பயிற்சியால் 3 முதல் 14 மாதம் கூடுகிறது. விபத்தால் சராசரியாக 5 முதல் 9 நாள், புகையை மூச்சிழுப்பதால் அதிகபட்சம் 40 நாள் குறைகிறது. நெதர்லாந்தின் தனிப்பாதை நம் ஊரில் கிடையாது. விபத்தின் பங்கு இங்கே பல மடங்கு என்று வைத்தாலும் வரவுக்கும் செலவுக்கும் இடையில் நிறைய இடம் இருக்கிறது. வரவு உடல்நலம் மட்டும் அல்ல. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. கவசம் இருந்தால்தான் ஏறலாம் என்று அன்று சொல்லியிருந்தால் எத்தனை பேர் ஏறியிருப்பார்கள்?

கட்டாயம் வேண்டாம் என்பதற்காக இறக்கத்தில் வெறுந்தலையோடு பாயலாம் என்று அர்த்தமில்லை. மேட்டுச் சமதளத்தில் சாமை வயல்களுக்கு நடுவே 12 கி.மீ. வேகத்தில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது தேயாத பிரேக் கட்டையும் பின்னால் மின்னும் ஒரு சிவப்புப் பட்டையும். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்ததற்கு இந்த மலையின் இருட்டான இரவும் ஒரு காரணம். விண்மீன் பார்ப்பவருக்கு வரமான இருட்டு, பின்னால் வரும் பைக் ஓட்டுநரின் கண்ணிலிருந்து சைக்கிளை மறைத்துவிடும். மாலை ஏழு மணிக்கு மேல் ஐம்பது ரூபாய்ப் பட்டை செய்யும் வேலையைத் தலைக்கவசம் செய்யாது. விபத்தை அது தடுப்பதில்லை. நடந்த பிறகுதான் அதற்கு வேலை.

அதே பிள்ளை ஆலங்காயம் பக்கமோ போளூர் பக்கமோ மலையை விட்டு இறங்குவதாக இருந்தால் கவசம் வேண்டும். அப்போது வீட்டில் அப்பாவின் பைக் கண்ணாடியில் தொங்கும் கவசத்தை எடுத்து மாட்டிவிடுவதுதான் பலரின் யோசனை. அது ஒரு கிலோவுக்கு மேல் எடை, காது மூடும், வியர்த்துக் கொட்டும். பெரியவர் தலைக்கு அளவெடுத்தது, சின்னத் தலையில் சுழலும். சைக்கிளுக்கென்று செய்தது கால் கிலோதான். புருவத்துக்கு இரண்டு விரல் மேலே அது சமமாக உட்கார வேண்டும். தாடைக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு விரலுக்கு மேல் இடம் இருக்கக் கூடாது. தலையை ஆட்டினால் கவசமும் கூடவே ஆட வேண்டும், தனியாக அல்ல. பட்டையைப் பூட்டாமல் தலையில் கவிழ்த்துக்கொண்டு போகிறவரின் கவசம், அவர் விழும்போது அவருக்கு முன்னால் சாலையில் உருண்டு போய்விடும்.